நாலு வரியில் மிஞ்சிய ஊர்

1922 ஜூன் 30. உள்நாட்டுப் போரின்போது டப்ளின் நகரில் அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையான குடிசன மதிப்புப் பதிவேடுகளில் பெரும்பகுதி சாம்பலானது. 1861 முதல் 1891 வரையானவற்றை அரசாங்கமே முன்னர் அழித்துவிட்டிருந்தது.

அப்படியென்றால், 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போன மூதாதையரை எங்கே தேடுவது?

பழைய பத்திரிகையில். அமெரிக்காவின் 'பொஸ்டன் பைலட்' 1831 முதல் 1921 வரை, தொலைந்த உறவுகளைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. அண்ணனைத் தேடித் தங்கை போட்ட நாலு வரியில் பெயரும் பிறந்த ஊரும் இருக்கும். பதிவேட்டில் எரிந்துபோன ஊரைப் பேரப்பிள்ளைகள் இன்று அதில் கண்டெடுக்கிறார்கள்.

நம் வீட்டு அலுமாரியிலும் மூத்தவாப்பாவின் பழைய காகிதங்கள் இருக்கும். வீச முன் ஒருமுறை வாசித்துப் பார்ப்போம்.