தன்வினையில் எழுதுக: ஓர் ஆங்கிலத் தேர்வின் முன்வரலாறு

வேறு வேலை அமையாத ஒரு காலத்தில், வெளிநாடு போகிறவர்களுக்கு ஐயெல்ட்ஸ் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி மையம் ஒன்றில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வந்தவர்களில் பாதிக்கு மேல் நர்ஸ்கள். இந்தத் தேர்வின் அகாடமிக் பிரிவில் எழுத்துத் தாளின் முதல் கேள்வி ஒரு படம். கோட்டு வரைபடமாக இருக்கலாம், பட்டை விளக்கப்படமாக இருக்கலாம், வட்டமாகவோ அட்டவணையாகவோ இருக்கலாம். இருபது நிமிஷத்தில், குறைந்தது 150 வார்த்தைகளில் அதை விவரிக்க வேண்டும். முக்கியமானதைப் பொறுக்கி எடு, தேவையான இடத்தில் ஒப்பிடு, அவ்வளவுதான். உன் கருத்து வேண்டாம். காரணமும் வேண்டாம்.

ஒருநாள் பயிற்சிக்குக் கொடுத்த படம் பிரசவ மரணங்களைப் பற்றியது. கோடு இறங்கி வந்து, ஓரிடத்தில் தட்டையாகி, மறுபடி கொஞ்சம் ஏறியது. பத்து வருஷம் பிரசவ வார்டில் வேலை பார்த்த ஒரு நர்ஸ், அந்த ஏற்றத்துக்குப் பக்கத்தில், வேளைக்கு ரத்தம் கிடைக்காததால் இருக்கலாம் என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தார். சிவப்பு மையால் அடித்தேன்.

"படத்துல இல்லாதத எழுதக்கூடாது சிஸ்டர்."

"படத்துல இல்ல சார். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சாலும் எழுதக்கூடாது."

தலையாட்டினார். அடுத்த வாரம் அவருடைய தாளில் அப்படி ஒரு வாக்கியம் இல்லை. நல்ல மதிப்பெண் போட்டேன். அந்தச் சிவப்புக் கோடு என் கைக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்ததன் விளைவுதான் இது.

கோட்டு வரைபடத்தை வணிகக் கணக்குக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் ப்ளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். நீராவி எஞ்சின் ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராக இருந்தவர். 1786இல் லண்டனில் அவர் வெளியிட்ட வணிக, அரசியல் அட்லஸில் நாடு நாடாக இங்கிலாந்தின் ஏற்றுமதி ஒரு கோடு, இறக்குமதி ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்துக்கு வர்ணம் அடித்து, லாபமா நஷ்டமா என்று கண்ணுக்குக் காட்டினார். (பட்டை விளக்கப்படமும் அந்தப் புத்தகத்தில்தான் பிறந்தது, வேண்டாத பிள்ளையாக. ஸ்காட்லாந்துக்கு ஒரே ஒரு வருஷக் கணக்குதான் கிடைத்தது. கோடு இழுக்க முடியாமல் பட்டை போட்டார்.) வட்ட விளக்கப்படமும் அவருடையதுதான், 1801இல்.

அட்லஸில் கிழக்கிந்திய வணிகத்துக்கு ஒரு படம் உண்டு, 1700 முதல் 1780 வரை. இறக்குமதிக் கோடு மேலே, ஏற்றுமதிக் கோடு கீழே. ஐயெல்ட்ஸ் பாணியில் விவரித்தால், 'காலம் முழுவதும் இறக்குமதியே ஏற்றுமதியை விட அதிகமாக இருந்தது' என்று எழுதலாம். வாக்கியத்தில் பிழை இல்லை. இங்கிலாந்து பாவம் நஷ்டப்பட்டிருக்கிறது என்றுகூடத் தோன்றும். ஆனால் 1765இல் வங்காளத்தின் நிலவரி வசூல் உரிமை கம்பெனி கைக்குப் போயிற்று. அதற்குப் பிறகு வங்காளத்தில் வாங்கிய சரக்குக்குப் பெருமளவு விலை கொடுத்தது வங்காளக் குடியானவன் கட்டிய வரிதான். அவன் காசில் அவன் துணியை வாங்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1770இல் அங்கே கொடும் பஞ்சம். இது எதுவும் கோட்டில் இல்லை. இருக்கவும் முடியாது. துறைமுகத்தில் எண்ணப்பட்டதுதான் கோட்டுக்கு வரும்.

இதை மட்டும் வைத்து, வரைபடம் என்றாலே அதிகாரத்தின் கண் என்று சொல்லி முடித்துவிடலாம். நம் பத்திரிகைகளில் அப்படி முடித்த கட்டுரைகள் ஏராளம், நானே எழுதியிருக்கிறேன். ஆனால் நர்ஸ்கள் விஷயம் என்னை அப்படி முடிக்க விடவில்லை. ஏனென்றால் வரைபட வரலாற்றின் நடுவிலேயே ஒரு நர்ஸ் உட்கார்ந்திருக்கிறார்.

கிரீமியப் போரிலிருந்து திரும்பிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் வெளியிட்ட படம் வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்தது. ஒவ்வொரு மாதத் துண்டின் பரப்பும் அம்மாதச் சாவுகளின் அளவு. போர்க்காயத்தால் செத்தவர்கள் சிவப்பு, மற்ற காரணங்கள் கறுப்பு, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்கள் நீலம். நீலம்தான் மற்றதையெல்லாம் விழுங்கி நிற்கிறது. 'தடுத்திருக்கக்கூடிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது எண் அல்ல, குற்றச்சாட்டு. வருஷத்தை எங்கே வெட்டினார் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு வட்டம் 1855 மார்ச்சோடு முடிகிறது, அடுத்தது ஏப்ரலில் தொடங்குகிறது. சாக்கடையையும் காற்றோட்டத்தையும் சரிசெய்யச் சுகாதாரக் குழு வந்து இறங்கியது அந்த மார்ச்சில்தான். வெட்டிய இடமே வாதம். அவருக்கு உதவிய புள்ளியியலாளர் வில்லியம் ஃபார், புள்ளிவிவரம் வறட்சியாக இருப்பதே நல்லது என்று அவருக்குப் புத்தி சொன்னார். அந்த அம்மாள் கேட்கவில்லை. அந்தப் படம் இன்றைய தேர்வுக்கு விடையாக வந்தால் நான் எத்தனை இடத்தில் சிவப்பு மை வைத்திருப்பேன்!

டு பாய்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1900 பாரிஸ் கண்காட்சிக்காக அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து அறுபது சொச்சம் படங்களைக் கையால் வரைந்து வர்ணம் தீட்டினார். ஜார்ஜியா மாநிலக் கறுப்பின மக்களின் நிலம், படிப்பு, தொழில், சொத்து. அதில் நகரச் சொத்தின் மதிப்பைக் காட்டும் ஒரு படம். ஏறிவந்த கோடு 1890களில் தடுமாறுகிறது. கோடு போகிற வழியிலேயே கு க்ளக்ஸ் வெறி, லிஞ்சிங், வாக்குரிமைப் பறிப்பு என்று எழுதிவைத்துவிட்டார். ஏன் இறங்கியது என்று பார்ப்பவன் கேட்பதற்கு முன்பே பதில் படத்துக்குள் இருக்கிறது. வரைந்தவர்கள், எண்ணப்பட்டவர்களின் பிள்ளைகள்.

அப்படியென்றால் காரணம் எப்போது வெளியே தள்ளப்பட்டது? ஐயெல்ட்ஸ் 1989இல் பிரிட்டிஷ் கவுன்சிலும் கேம்பிரிட்ஜும் ஆஸ்திரேலியத் தரப்பும் சேர்ந்து தொடங்கியது. ஆரம்பத்தில் அறிவியல்-தொழில்நுட்பம், உயிரியல்-மருத்துவம், வணிகம்-சமூக அறிவியல் என்று துறைவாரித் தாள்கள் இருந்தன. 1995இல் அவற்றை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே தாள் ஆக்கினார்கள். எஞ்சினியருக்கும் நர்ஸுக்கும் ஒரே படம் என்றால், யாருக்கும் சொந்தமில்லாத படமாகத்தான் இருக்க வேண்டும். ஒருவருக்குக் காரணம் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாவிட்டால் அநியாயம். மொழியை மட்டும் அளக்க வேண்டும். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தாளில் இருபது நிமிஷ விதியாக இருப்பது, பயிற்சி மையத்தில் மூன்று மாதப் பழக்கமாகிறது.

நான் சொல்லிக்கொடுத்த வினைச்சொற்களை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஏறியது, இறங்கியது, சரிந்தது, ஏற்ற இறக்கமாக இருந்தது, நிலைபெற்றது. எல்லாம் தன்வினை. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு உடனே புரியும். விலை ஏறியது என்றால் வானிலை மாதிரி. விலையை ஏற்றினார்கள் என்றால் 'யார்?' என்று கேட்க வேண்டிவரும். 1877இல் சென்னை மாகாணப் பஞ்ச நிவாரண முகாம்களில் கூலி 'இறங்கவில்லை'. ரிச்சர்ட் டெம்பிள் நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் என்ற அளவுக்கு இறக்கினார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது ஆளைக் கொல்லும் கூலி என்று கணக்குக் காட்டிச் சண்டை போட்டார், அதே வருஷம் கூட்ட வேண்டியதாயிற்று. இந்தியாவுக்கு வந்தேயிராத நைட்டிங்கேல், 1878இல் தென்னிந்தியப் பஞ்சத்தையும் விவசாயிகளின் கடனையும் பற்றி லண்டன் பத்திரிகையில் எழுதினார். அவருக்கும் சாம்ராஜ்ய நம்பிக்கைகள் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதியது பிறவினையில்.

நைட்டிங்கேலின் நாட்டில் நர்ஸாகப் பதிவுசெய்ய ஐயெல்ட்ஸ் வழியில் போகிறவர் இந்த அகாடமிக் தாளைத்தான் எழுத வேண்டும். எழுத்தில் 7 வேண்டும் என்று இருந்ததை 2018 டிசம்பரில் 6.5 ஆக்கினார்கள். அந்த அரைப் புள்ளியில் திரும்பத் திரும்பப் பணம் கட்டித் தோற்றவர்களை எனக்குத் தெரியும். 2017இலிருந்து மருத்துவப் பணியாளர்களுக்கான வேறொரு தேர்வையும் ஏற்றுக்கொள்கிறார்கள். அதில் படம் கிடையாது; நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்துக் கடிதம் எழுதச் சொல்வார்கள்.

அந்த சிஸ்டர் முதல் தேர்வையே எழுதி, தேறி, போய்விட்டார். ஒருமுறை போனில் பேசினார். அவருடைய வார்டு சுவரில் மாதாமாதம் ஒரு வரைபடம் ஒட்டுவார்களாம், எத்தனை பேருக்குப் படுக்கைப்புண், எத்தனை பேர் கட்டிலிலிருந்து விழுந்தார்கள் என்று. கூட்டம் போட்டு எல்லோரையும் கேட்பார்களாம்.

"கிராஃப்ல என்ன இருக்குன்னு யாரும் கேக்கல சார். ஏன் ஏறிச்சுன்னு கேட்டாங்க. ராத்திரி ஷிஃப்ட்ல ஆள் இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும். வாய் வரல. எழுதக்கூடாதுன்னு நீங்க அடிச்சதுதான் ஞாபகம் வந்துச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ரெண்டாவது மாசம் சொல்லிவிட்டாராம்.