துருவே காவல்

தெள்ளாரில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் போர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். அவருக்குப் போர் என்றால் தெள்ளாறெறிந்த நந்திவர்மன்தான். என் நினைவோ வடக்கே சில மைல் தள்ளி, வந்தவாசிக்கு ஓடிற்று.

1760 ஜனவரி 22-இல் அங்கே அயர் கூட்டும் லாலியும் மோதினார்கள். ஆங்கிலேயச் சோல்ஜர்கள் ஏந்திய துப்பாக்கி வகைக்குப் 'பிரவுன் பெஸ்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பழுப்பு என்பது பெயரில்தான். அந்நாளில் அதன் குழல் வெள்ளி போலப் பளபளக்கும். பூச்சு ஏதுமில்லை, மினுக்கிய வெற்றிரும்பு! நம் ஐப்பசி மழை ஒன்று போதும், துருப் பூத்துவிடும். உடனே செங்கற்பொடி போட்டுத் தேய்க்க வேண்டும். அணிவகுப்பில் துரைமார் கண்ணுக்கு மினுங்க வேண்டாமா? தேய்க்கத் தேய்க்கக் குழல் மெலிந்தது. மெலிந்த குழல் வெடித்தால் ஆபத்து எதிரிக்கல்ல, சுட்டவனுக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலப் படை குழல்களைப் பழுப்பாக்கத் தொடங்கியது. அமிலக் கரைசல் தடவி வேண்டுமென்றே துருவேற்றுவார்கள். உதிர்வதைத் தேய்த்தெடுத்து, மீண்டும் ஏற்றி, கடைசியில் எண்ணெய் பூசுவார்கள். ஒட்டி நின்ற துரு எண்ணெயைப் பிடித்துக்கொண்டு புதுத் துருவை அண்டவிடாது. அதையே கொதிநீரில் இட்டால் கருமையாகும். இருபதாம் நூற்றாண்டில் வந்த பாஸ்பேட் பூச்சு எண்ணெயை இன்னும் நன்றாகக் குடிக்கும்; பார்வைக்குத்தான் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும்.

நெசவாளருக்கு இது புதுமையாகப் படவில்லை. "எங்க ஆத்தா தோசைக்கல்லைத் துலக்கவே விடாதுங்க" என்றார்.