கீல்டர் ஏரிக்கரையில் ஜியோகேஷிங்

ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை, அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் துணையாகக் கொண்டு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் ஆட்டம் ஜியோகேஷிங். ஒளித்த பொருளுக்கு ஆட்டக்காரர்கள் வழங்கும் ‘கேஷ்’ என்ற சொல் தமிழ் எழுத்தில் ரொக்கப் பணத்தோடு குழம்பும். எனவே இங்கே அது பெட்டி என்றே குறிக்கப்படுகிறது. உள்ளே ரொக்கம் இருப்பதும் அபூர்வம். இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய நார்தம்பர்லாந்தில் உள்ள கீல்டர் நீர்த்தேக்கக் கரை இந்த ஆட்டம் நடக்கும் இடங்களுள் ஒன்று. அங்கே காடு, ஏரி, கரையோரச் சிற்பங்கள் மூன்றுமே மனிதர் ஆக்கியவை. சிற்பங்கள் பார்க்க வைத்தவை. பெட்டிகள் பார்க்காதிருக்க வைத்தவை.

ஆட்டத்தின் பிறந்தநாள் துல்லியமாகத் தெரியும். ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கென்று வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழை, அதிபர் கிளின்டனின் ஆணைப்படி 2000 மே 2 அன்று நீக்கப்பட்டது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறிய கருவி ஓரிரவில் பன்மடங்கு கூர்மையானது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒரிகான் மாநிலக் காட்டோரத்தில் ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதன் எண்களை இணையத்தில் அறிவித்தார். புத்தகங்கள், மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டப்பா பீன்ஸ் ஆகியவை அதில் இருந்தன. ‘ஜியோகேஷிங்’ என்ற பெயர் அந்த மாதம் முடிவதற்குள் வந்துவிட்டது. ஆனால் ஒளித்துத் தேடும் பழக்கம் இங்கிலாந்துக்குப் புதிதல்ல. தென்மேற்கே டார்ட்மூர் மேட்டுநிலத்தில், எளிதில் எட்டமுடியாத கிரான்மியர் குளத்தருகே, 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு புட்டியை வைத்தார். அங்கு வரை நடந்து போனவர்கள் தங்கள் பெயரட்டையை அதில் போட்டு வந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த ‘லெட்டர்பாக்ஸிங்’ இன்றும் அங்கே நடக்கிறது.

கீல்டரில் 1926-இல் அரசின் வன ஆணையம் மரம் நடத் தொடங்கியது. முதல் உலகப் போர் நாட்டின் மரக் கையிருப்பைக் கரைத்திருந்தது. இன்று 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்துள்ள இந்தக் காட்டில் பெரும்பங்கு சிட்கா ஸ்புரூஸ், அதாவது வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த ஊசியிலை மரம். அதன் நடுவே வடக்கு டைன் ஆற்றை மறித்து, 52 மீட்டர் உயரமும் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமும் கொண்ட மண்ணணை எழுந்தது. 1982-இல் எலிசபெத் அரசி அதைத் திறந்துவைத்தார். கொள்ளளவு 20,000 கோடி லிட்டர், நம் கணக்கில் சுமார் 7 டி.எம்.சி. கொள்ளளவில் பிரிட்டனின் மிகப் பெரிய செயற்கை ஏரி இதுவே. டீஸ் ஆற்றுப் பகுதியின் எஃகு, வேதித் தொழில்கள் பெருகும் என்று எதிர்பார்த்துத் திட்டமிட்டார்கள். அணை முடிந்தபோது தொழில்கள் இறங்குமுகத்தில் இருந்தன. பள்ளத்தாக்கின் பண்ணைகளும், 1950களிலேயே ரயில் நின்றுபோன இருப்புப்பாதையின் ஒரு பகுதியும் நீருக்குள் போயின.

தண்ணீரைச் சுற்றி ஏறக்குறைய 42 கிலோமீட்டர் நடைபாதை உண்டு. 1990களிலிருந்து அதை ஒட்டிக் கலைப்படைப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. வடகரையில் 2009-இல் சிம்பார்க் என்ற அமெரிக்கக் கலைஞர் குழு அமைத்த ‘சில்வாஸ் கேப்பிடாலிஸ்’ இரண்டு தளம் கொண்ட ராட்சத மரத்தலை. வாய் வழியாக உள்ளே நுழைந்து, மேலே ஏறி, கண்கள் வழியாக வெளியே பார்க்கலாம். கிறிஸ் ட்ரூரி 1996-இல் கட்டிய ‘வேவ் சேம்பர்’ அளவில் சிறியது, ஆனால் இரண்டில் நுட்பமானது அதுதான் எனலாம். சாந்து பூசாமல் கல்லை அடுக்கிக் கட்டிய தேன்கூடு வடிவ அறை அது. உச்சியிலுள்ள கண்ணாடியும் வில்லையும் ஏரியின் அலைகளை இருண்ட தரையில் விழச் செய்கின்றன. காற்றில்லாத, வெளிச்சம் குறைந்த நாளில் போனால் ஏமாற்றம்தான்.

பெட்டி வைப்பவர்கள் சிற்பங்களை நாடுவதற்குக் காரணம் உண்டு. அங்கே நடந்துபோக ஏற்கெனவே ஒரு காரணம் இருக்கிறது. தேடுபவருக்கும் மறைவு கிடைக்கிறது. வெறும் புதரடியில் குனிந்து துழாவுபவரைப் பார்த்தால் சந்தேகம் வரும். சிற்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்து இடுக்கெல்லாம் எட்டிப் பார்ப்பவரைக் கலை ரசிகர் என்று விட்டுவிடுவார்கள். ஆட்டம் அறியாத வழிப்போக்கர்களை ஆட்டக்காரர்கள் ‘மகிள்’ என்பார்கள். ஹாரி பாட்டர் கதைகளில் மந்திரம் தெரியாதவர்களுக்கு உள்ள பெயர் அது. மகிள் கண்ணில் பட்ட பெட்டி பெரும்பாலும் காணாமல் போகும்.

ஆனால் சிற்பத்தின் மேலேயே ஒளிப்பது முறையல்ல. நில உரிமையாளரின் அனுமதி வேண்டும், மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, இரண்டு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும். சாந்தில்லாக் கற்சுவர்களில் ஒளிப்பதைப் பிரிட்டனின் வழிகாட்டு நெறிகள் விலக்குகின்றன. ஒளித்தவர் ஒரு கல்லைத்தான் நகர்த்தியிருப்பார், தேடி வரும் இருபது பேர் இருபது கல்லை உருவுவார்கள். வேவ் சேம்பர் போன்ற கட்டுமானத்துக்கு அது எப்படி முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய இடங்களுக்கு உகந்தது பெட்டியை அப்பால் வைத்து, சிற்பத்தில் எண்ணிப் பார்த்தோ பலகையில் படித்தோ பெறும் எண்களை அதற்கு வழியாக்கும் பலகட்டத் தேடல்.

பெட்டி இருக்கும் இடத்தின் எண்கள் பாகையிலும், மூன்று தசமம் வரையிலான கலையிலும் (நிமிடத்திலும்) தரப்படும். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு–தெற்கில் 1.85 மீட்டர் நகரும். கீல்டர் 55 பாகைக்கு மேல் வடக்கே இருப்பதால் கிழக்கு–மேற்கில் அதே மாற்றம் ஒரு மீட்டர் சொச்சம்தான். ஆனால் இந்தத் துல்லியம் தாளில்தான். ஈரமான ஸ்புரூஸ் கிளைகள் சமிக்ஞையை மங்கச் செய்யும், உலோகப் பரப்புகள் அதைத் திருப்பியடிக்கும். செயற்கைக்கோள்கள் பத்து மீட்டர் வட்டம் வரை கொண்டுவிட்டால் நல்ல நாள். பிறகு வேலை கண்ணுக்கு: யாரோ நேர்த்தியாக அடுக்கிய சுள்ளிகள், பாசி படராத ஒரு கல், வேருக்கடியில் நெகிழி மூடியின் விளிம்பு.

உள்ளே குறைந்தபட்சம் ஒரு பதிவுத்தாள் இருக்கும். பெரிய பெட்டிகளில் சிறு பொம்மைகள் இருக்கும். ஒன்றை எடுத்தால் ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். உணவுப்பொருள் கூடாது, விலங்குகள் மோப்பம் பிடித்துக் கடித்துவிடும். உல்மரின் பீன்ஸ் டப்பா இன்றைய விதிப்படி செல்லாது. தேதியும் புனைபெயரும் எழுதி, இருந்தபடியே திரும்ப வைத்துவிட வேண்டும். கோடையில் மிட்ஜ் என்னும் பொடிக்கொசுக்கள் அதற்குள் கையை மொய்த்துவிடும். காட்டின் பல பகுதிகளில் கைபேசி அலைவரிசை எட்டாது. எனவே விவரங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வார்கள். கண்டுபிடித்த செய்தியை இணையத்தில் பதிய, பள்ளத்தாக்கை விட்டு வெளியேறும்வரை காத்திருப்பார்கள்.