தப்புமுளைச் செடிகள்

தப்புமுளை அல்லது படுமுளை என்பது மனிதர் விதைக்காமல் தானே முளைத்து வளரும் செடியைக் குறிக்கும். முந்தைய போகத்தில் சிந்திய விதை, குப்பை உரத்தில் கலந்த விதை, பறவை எச்சத்தில் வரும் விதை ஆகியவற்றிலிருந்து இவை தோன்றுகின்றன. தோட்டத்தில் இவற்றை விட்டுவைப்பதா, பிடுங்குவதா என்பது செடியின் இனத்தையும் அது முளைத்த இடத்தையும் பொறுத்தது.

இராயக்கோட்டையும் தக்காளியும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள இராயக்கோட்டை, தக்காளிச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். விலை வீழும் காலங்களில் பறிகூலிக்கும் கட்டாது என்று பழங்கள் செடியிலேயே விடப்படுவதும், சாலையோரம் கொட்டப்படுவதும் உண்டு. அடுத்த மழையில் அவ்விடங்களில் தக்காளி நாற்றுகள் அடர்ந்து முளைக்கின்றன. செலவின்றிக் கிடைத்த நாற்று என்று இவற்றை வளர்க்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் இதில் இரண்டு இடர்கள் உள்ளன.

முதலாவது, இன்று பயிரிடப்படுபவை பெரும்பாலும் வீரிய ஒட்டு இரகங்கள். அவற்றின் விதையிலிருந்து வரும் அடுத்த தலைமுறை தாய்ச்செடியைப் போல் ஒரே சீராக இராது. காயின் அளவும் விளைச்சலும் செடிக்குச் செடி மாறும்.

இரண்டாவதே பெரிது. தக்காளி இலைச்சுருள் நோயை உண்டாக்கும் நச்சுயிரியை வெள்ளை ஈக்கள் பரப்புகின்றன. இவ்வகை நச்சுயிரிகளுள் ஒன்றுக்குப் பெங்களூரின் பெயரே இடப்பட்டுள்ளது. வயல் வெறுமையாக இருக்கும் இடைக்காலத்தில் நச்சுயிரிக்கும் ஈக்கும் தப்புமுளைத் தக்காளி தங்குமிடமாகிறது; புதிய நடவு இளம் பருவத்திலேயே நோய்க்கு ஆளாகிறது. 2014இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட தென்னமெரிக்க ஊசிப்புழுவுக்கும் இது பொருந்தும். எனவே தக்காளி வயலிலும் அதன் அருகிலும் முளைப்பவற்றைப் பிடுங்குவதே முறை. வயல்களுக்கு எட்ட உள்ள வீட்டுக் கொல்லையில் ஒன்றிரண்டை வளர்ப்பதில் தீங்கில்லை. இலை சுருண்டால் உடனே அகற்றவேண்டும்.

விட்டுவைக்கத் தக்கவை

மணத்தக்காளி, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை ஆகியவை விதைக்காமலும் தானே முளைத்து உணவாகின்றன. எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் இத்தகைய கலவைக் கீரை 'பெரகெ சொப்பு' எனப்படும். களைக்கொல்லி தெளித்த நிலத்தில் பறித்தல் கூடாது. பப்பாளி தானே முளைத்தால் பூக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஆண் மரமா, பெண் மரமா என்பது அப்போதுதான் தெரியும். கொட்டையிலிருந்து முளைத்த பெங்களூரா (கிளிமூக்கு) மாங்கன்று தாய்மரத்தின் பழத்தைத் தரும் என்று நம்ப இயலாது. ஆனால் ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாகப் பயன்படும்.

அகற்ற வேண்டியவை

மெக்சிகோவை உள்ளிட்ட வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த பார்த்தீனியம் தோல் ஒவ்வாமையையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்குகிறது. ஒரு செடியே பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். இதனைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டது. ஆயினும் செடி ஒழிந்தபாடில்லை. பூக்கும் முன், கையுறை அணிந்து, வேரோடு பிடுங்குதல் நலம். பறவைகள் பரப்பும் உண்ணிச்செடியை வேலியோரம் ஒருமுறை விட்டால் பின்னர் வெட்டி மாளாது. சுவரில் முளைக்கும் அரசும் ஆலும் சிறிதாக இருக்கும்போதே எடுக்கப்பட வேண்டியவை. வேர் கட்டடத்தைப் பிளந்துவிடும்.

தானே முளைத்த சுரை தனிக் கவனத்திற்குரியது. சுரையில் அயல் மகரந்தச் சேர்க்கை எளிதில் நிகழ்வதால் சில கொடிகளில் கசப்புக் காய்கள் வரும். கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டசின் நச்சுத்தன்மை உடையது. கசப்பான சுரைக்காய்ச் சாறு அருந்தியதால் இந்தியாவில் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. 2011இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழு இது குறித்து எச்சரித்தது. காயின் சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் உடனே துப்பிவிட்டுக் கொடியையே நீக்கிவிட வேண்டும். சமைப்பதால் கசப்பு நச்சு முற்றிலும் நீங்குவதில்லை.