கேள்விகளை எடுத்துவிட்டால்

1992 ஜூலையில் சித்தேரி மலையில் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தின் கூட்டம் நடந்தது. அரூரிலிருந்து மலையேறி அந்தக் கூட்டத்துக்கு வந்த சங்கத் தலைவர்களிடம்தான் முதன்முதலில் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது: மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்ற ஊரில் ஏதோ நடந்திருக்கிறது, ஊரில் ஆளே இல்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். வீடுகள் உடைந்து கிடந்தன. தப்பித்தவர்கள் காட்டுக்குள் இருந்தார்கள். குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சேலம் சிறையில் இருந்தார்கள்.

ஜூன் 20ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்த ஊருக்குள் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். இந்த வழக்கின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 'ஜெய் பீம்' வந்த நேரத்தில் நிறைய பேர் எடுத்துப் பேசினார்கள். இந்தக் கட்டுரைக்குத் தேவை வேறொன்று. அந்த ஊர்ப் பெண்களிடம் அன்று தொடங்கி ஆண்டுக்கணக்காகக் கேள்வி கேட்டார்கள். சங்கத்தார் கேட்டார்கள். தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் வந்து கேட்டார். சிபிஐ கேட்டது. வக்கீல்கள் கேட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். தமிழில் அந்தப் பத்தாண்டில் இவ்வளவு நீளமாகக் கேள்வி கேட்கப்பட்டவர்கள் இன்னொரு கூட்டம்தான் உண்டு. எழுத்தாளர்கள்!

கிண்டலுக்குச் சொல்லவில்லை. காலத்தைப் பாருங்கள். கோமல் சுவாமிநாதன் 'சுபமங்களா'வை நடத்தியது 1991 முதல் 1995 வரை. தமிழ் இலக்கிய நேர்காணல் என்று இன்று நாம் எதைச் சொல்கிறோமோ அதன் அளவையும் தொனியையும் உறுதியாக நிலைநிறுத்தியது அந்தப் பத்திரிகைதான். அதற்கு முன்பும் எழுத்தாளர் பேட்டிகள் வந்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் இரண்டு பக்கம், ஒரு போட்டோ, 'உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார்' ரகம். சுபமங்களாவில் ஒரு எழுத்தாளர் தன் ஊரை, படித்ததை, சண்டை போட்டதை, கட்சியோடு முறித்துக்கொண்டதை எல்லாம் பக்கம் பக்கமாகச் சொன்னார். பதிலுக்குப் பிறகு அதை மறுக்கும் அடுத்த கேள்வி வந்தது. அப்போது ஆட்சியை இழந்திருந்த கருணாநிதியும் அதில் பேசினார், கவிஞர் கலாப்ரியாவும் பேசினார். பின்னால் அந்த நேர்காணல்களை இளையபாரதி தொகுத்தபோது புத்தகத்தின் பெயரே 'கலைஞர் முதல் கலாப்ரியா வரை'. 'தண்ணீர் தண்ணீர்' நாடகம் எழுதியவர் கோமல். எதிரில் இருப்பவரை எப்போது பேசவிடணும், எப்போது குறுக்கே வரணும் என்பது நாடகக்காரருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1995 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் வாச்சாத்தி வழக்கை சிபிஐக்கு மாற்றியது. அந்த ஆண்டு அக்டோபரில் கோமல் இறந்தார், சுபமங்களாவும் நின்றது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஒரே ஐந்து வருடத்தில், ஒரே மொழியில், ஒருபக்கம் எழுத்தாளர்களிடமும் இன்னொரு பக்கம் ஒரு மலையடிவாரத்துப் பெண்களிடமும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நேர்காணல் என்கிற வடிவம் என்ன செய்கிறது என்பது புரிய ஆரம்பிக்கிறது.

முதல் வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழுத்தாளர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினால் அது ஆளுமை. ஜெயகாந்தன் ஒரு மேடையில் ஒன்று சொல்லி அடுத்த மேடையில் அதையே மறுத்தால் ரசித்தோம். சாட்சிக்கூண்டில் நிற்கும் பெண் தேதியை மாற்றிச் சொன்னால் அது பொய்ச்சாட்சி. குறுக்கு விசாரணை என்பதே முரண்பாட்டைத் தேடும் வேலை. கேள்வி ஒன்றுதான்: 'அன்னிக்கு நீங்க எங்கே இருந்தீங்க?' கவிஞரிடம் கேட்டால் நினைவோடை, அவளிடம் கேட்டால் கண்ணி.

இரண்டாவது வித்தியாசம் எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. அது அச்சு சம்பந்தப்பட்டது. அன்று நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276ஆவது பிரிவு, செஷன்ஸ் நீதிமன்றத்தில் சாட்சியத்தை எப்படி எழுத வேண்டும் என்று சொல்கிறது. வழக்கமாகக் கேள்வி பதிலாக எழுதக்கூடாது. தொடர்ச்சியான கூற்றாக எழுத வேண்டும். நீதிபதி விரும்பினால் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் கேள்வி பதிலாகப் பதியலாம். அதாவது வக்கீல் கேட்பார், சாட்சி 'ஆமாம்' என்பார், காகிதத்தில் வருவது 'நான் அன்று ஏரிக்கரையில் இருந்தேன்' என்று ஒரு முழு வாக்கியம். அந்த வாக்கியத்தை அந்த அம்மா சொல்லவே இல்லை! கேள்வியில் பாதியும் பதிலில் பாதியும் சேர்ந்து அவர் வாயில் ஏறியிருக்கிறது. கேள்வி காணாமல் போய்விடுகிறது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லணும். அதே சட்டத்தின் 278ஆவது பிரிவு, எழுதியதைச் சாட்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டும், தேவையானால் திருத்த வேண்டும் என்கிறது. ஆக மெய்ப்புப் பார்க்கும் உரிமை சாட்சிக்கும் உண்டு. சட்டம் அவரை எழுத்தாளராக ஒப்புக்கொள்கிறது என்றுகூடச் சொல்லலாம். நெரிசலான கோர்ட்டில் ஒரு மலைக்காட்டுப் பெண் எழுந்து 'ஐயா, இந்த வரி நான் சொன்ன மாதிரி இல்லீங்க' என்று சொல்ல எவ்வளவு தூரம் முடியும் என்பது வேறு விஷயம்.

இலக்கிய நேர்காணல் இந்த இடத்தில்தான் வேறு வழியில் போனது. 'பாரிஸ் ரிவ்யூ' பத்திரிகை 1953இல் தன் முதல் இதழில் இ.எம். ஃபார்ஸ்டரைப் பேட்டி கண்டது. அங்கே வளர்ந்த மரபில் எழுத்தாளர் தன் பதில்களைத் திருத்தலாம், சேர்க்கலாம், அடிக்கலாம். சில எழுத்தாளர்கள் பேட்டியை ஏறக்குறைய மறுபடி எழுதினார்கள். ஆனால் கேள்வி பக்கத்தில் நிற்கும். கேட்டவர் எங்கே வழிந்தார், எங்கே விட்டுப்பிடித்தார், எங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனார் என்பதை வாசகர் பார்க்கலாம். தமிழில் சுபமங்களாவும், 1994இல் மறுபடி வரத் தொடங்கிய காலச்சுவடும் இதையே பின்பற்றின. பழைய நேர்காணல்களை இன்று எடுத்துப் படித்தால் பதிலைவிடக் கேள்விகளில்தான் அந்தக் காலம் தெரிகிறது. 'மார்க்சியத்தின் வீழ்ச்சி பற்றி', 'பின்நவீனத்துவம் பற்றி'... யாரைப் பார்த்தாலும் அதையே கேட்டிருக்கிறார்கள். சிரிப்பு வரும். கேள்வியை வெட்டியிருந்தால் எல்லா எழுத்தாளரும் சோவியத்தைப் பற்றிப் பேசித் துடித்ததாக நாம் நம்பியிருப்போம்.

சித்தேரி, கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் மலைகளில் இருக்கும் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றி (பெயர் அப்படி, பேசுவது தமிழ்) கேள்வி கேட்ட வேலை இதற்கெல்லாம் ரொம்ப முன்னாலேயே தொடங்கிவிட்டது. தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவோடு இருந்தது. 1965இல்தான் பிரிந்தது. எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் உதவியோடு 1909இல் கொண்டுவந்த ஏழு தொகுதிகளில் மலையாளிகளின் பூர்வீகக் கதை வருகிறது. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள், ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்ற கதை. மலையில் இன்றும் சொல்லும் கதைதான். புத்தகத்தில் கதை இருக்கிறது, சொன்னவர் இல்லை. கேள்வியும் இல்லை. 'நீங்க எங்கேயிருந்து வந்தீங்க?' என்று துரை கேட்டதால் வந்த பதிலா, இல்லை ஒரு ராத்திரி பாட்டி தானாகச் சொன்னதா? இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 'எங்கேயிருந்து வந்தீங்க' என்று கேட்பவனுக்கு 'நாங்க இங்கதான் இருந்தோம்' என்று பதில் சொல்வது சிரமம்.

1992ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு குவாத்தமாலாவின் பழங்குடிப் பெண் ரிகோபெர்ட்டா மென்ச்சுவுக்கு. அவரை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய புத்தகம் 1982இல் பாரிஸில் எலிசபெத் புர்கோஸ் எடுத்த ஒரு வார நேர்காணல். புர்கோஸ் டேப்பைக் காகிதத்துக்கு மாற்றிய பிறகு தன் கேள்விகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரே ஆள் பேசுவதுபோல் அடுக்கினார். புத்தகத்தின் ஆசிரியராக முதலில் நின்றதும் அவர் பெயர். பின்னாளில் மானுடவியலாளர் டேவிட் ஸ்டோல் சில தகவல்கள் பொருந்தவில்லை என்று கிளப்பியபோது மாட்டிக்கொண்டு பதில் சொன்னது மென்ச்சு. என்ன கேட்டார்கள், எந்த வரிசையில் கேட்டார்கள் என்பது புத்தகத்தில் இல்லாதபோது பதில் சொன்னவர் மட்டும்தான் கூண்டில் நிற்கிறார்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு மாற்று உண்டு, அதிகம் பேசப்படாதது. புதுச்சேரிக்கு அருகில் ஒரு கிராமத்தில் வாழ்ந்த விவசாயக் கூலி, மருத்துவச்சி, பாட்டுக்காரி வீரம்மா. ஜோசியான் ராசின் அவரோடு தமிழில் பல ஆண்டுகள் பேசிப் பதிந்தார். 1995இல் பிரெஞ்சில் வந்த புத்தகத்தின் அட்டையில் வீரம்மாவின் பெயரே முதலில். பிறகுதான் ஜோசியான், ஜான்-லுக் ராசின். ஒரு வாரமல்ல, பல வருடம் என்பது புத்தகத்தில் தெரிகிறது. வீரம்மா சிரிக்கிறார், கெட்ட வார்த்தை பேசுகிறார், சுவாரசியம் வந்தால் பாட்டுக்குத் தாவுகிறார். அந்த நீளம் வாய்த்தால்தான் அது வரும். தமிழில் பேசியது முதலில் பிரெஞ்சில் புத்தகமானது என்பது மட்டும் நெருடிக்கொண்டே இருக்கிறது.

வாச்சாத்தி மாதிரியான அனுபவங்கள் தமிழ் இலக்கியத்துக்குள் வந்தது நாவலாகத்தான். ச. பாலமுருகன் வழக்கறிஞர், மனித உரிமைப் பணியில் இருந்தவர். வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலத்தில் சத்தியமங்கலம் பகுதிப் பழங்குடியினர் பட்டதை 2004இல் 'சோளகர் தொட்டி'யாக எழுதினார். விசாரணையில் ஆவணமாக நிற்கும் துயரம் நாவலில் மனிதர்களாக எழுந்து நடக்கிறது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனாலும் பாருங்கள், புத்தகம் வந்த பிறகு நேர்காணல்களில் பதில் சொல்லும் இடத்தில் உட்கார்ந்தவர் பாலமுருகன். அவர் குற்றமில்லை. நாம் நாவலாசிரியரைத்தான் பேட்டி காண்போம், அதுதான் நம் பழக்கம்.

இந்தப் பழக்கத்தைச் சீண்டிய ஒரு நாவல் தர்மபுரி மாவட்டத்துக்காரரிடமிருந்தே வந்தது. பொம்மிடிப் பக்கத்தில் பிறந்து ஓசூரில் வாழும் ஆதவன் தீட்சண்யாவின் 'மீசை என்பது வெறும் மயிர்'. நந்தஜோதி பீம்தாஸ் என்று ஒரு இல்லாத எழுத்தாளரை உண்டாக்கி, அவரோடு நீண்ட நேர்காணல் நடத்துவதாகப் போகிறது புத்தகம். நேர்காணல் என்ற வடிவத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதையை, கேள்வியாளர் பதிலில் எதை எதிர்பார்க்கிறார் என்பதை, கேட்பவரும் சொல்பவரும் ஒருவரேயாக இருந்து அவர் விளையாடிக் காட்டினார். நிஜப் பேட்டிகள் பல படித்து மறந்துபோனேன், இது நினைவில் நிற்கிறது.

இப்போது பேட்டிகளுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் மெயிலில். பத்துக் கேள்வி அனுப்பினால் பத்துப் பதில் வரும், நடுவில் ஒரு 'இருங்க, அதை இன்னொரு தடவை சொல்லுங்க' கிடையாது. சில இதழ்களில் கேள்வியே அரைப் பக்கம் ஓடுகிறது. அதையும்கூட நான் பொறுத்துக்கொள்வேன், கேள்வி அச்சில் இருக்கிறதே. எனக்குக் கோபம் வருவது வேறொரு ரகத்தில். அதே இதழின் அடுத்த பக்கத்தில் ஒரு சாமை விவசாயியோ தேன் எடுப்பவரோ துப்புரவுத் தொழிலாளியோ பேசியிருப்பார், 'அவரது வார்த்தைகளில்' என்ற தலைப்போடு. கேள்விகள் இருக்காது. பேச்சில் பாதி நம் இலக்கியத் தமிழாக மாறியிருக்கும். கவிஞருக்கு மெய்ப்பு போகும், அவருக்குப் போகாது. அவரைத் திருப்பி அழைத்து வாசித்துக் காட்ட ஒரு போன் கால் போதும். 278ஆவது பிரிவு ஒரு செஷன்ஸ் கோர்ட்டிடம் எதிர்பார்த்ததை ஒரு சிறுபத்திரிகை செய்ய முடியாதா என்ன?

வாச்சாத்தி வழக்கில் தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு சொன்னது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீடு இன்னும் 12 வருடம் ஓடியது. 2023 மார்ச்சில், தீர்ப்புக்கு முன்னால், உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் கோப்புகளை விட்டு எழுந்து வாச்சாத்திக்கே போனார். ஊருக்குள் நடந்து, இடங்களைப் பார்த்து, மக்களிடம் கேட்டார். பல வருடமாக எழுத்தில் கூற்றாகவே கிடந்த சாட்சியங்கள் இருந்த வழக்கு அது. அன்று கேட்டவரும் சொன்னவர்களும் ஒரே தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள். செப்டம்பர் 29, சரியாக அதே தேதியில், எல்லா மேல்முறையீடுகளையும் அவர் தள்ளுபடி செய்தார்.