திலகவதியார் கையில் இருந்த துடைப்பம்

திருவாமூரில் ஒரு கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண் திலகவதியார், மாப்பிள்ளை அரசனின் படைத்தலைவர் கலிப்பகையார். முகூர்த்தத்துக்கு முன்னால் போர் வந்தது. வடக்கே போன மாப்பிள்ளை திரும்பவில்லை. அதற்குள் தகப்பனார் புகழனார் காலமானார். தாயார் மாதினியாரும் உடன் போனார். மாப்பிள்ளையும் களத்தில் விழுந்த சேதி வந்ததும் பெண் உயிரை விடத் துணிந்தார். காலில் விழுந்து தடுத்தது தம்பி மருள்நீக்கியார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிவைத்த கதை இது. தம்பிக்காக உயிரோடு இருந்தார் தமக்கை. அந்தத் தம்பியே அவரை விட்டுப் போனார்.

போன இடம் பாடலிபுத்திரம், இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர். அங்கே சமணப் பள்ளியில் தருமசேனர் என்று பெரிய பேர். தமக்கையோ கெடிலக் கரையில் திருவதிகைக் கோயிலைப் பெருக்கி மெழுகிக்கொண்டிருந்தார். ஒரு நாள் தருமசேனரைச் சூலைநோய் பிடித்தது. மந்திரம் பலிக்கவில்லை. சமையற்காரரை அனுப்பித் தமக்கையை அழைத்தார்.

வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார் திலகவதியார்.

பாயையும் கமண்டலத்தையும் மயிற்பீலியையும் போட்டுவிட்டு இரவோடு இரவாகத் தம்பியே கிளம்பி வந்தார். திருநீறு கொடுத்த தமக்கை, விடியுமுன் அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கையில் தினமும் கொண்டுபோகும் சாமான்கள்: துடைப்பம், சாணம், தோண்டி. தம்பி பாடினார்; வலி தீர்ந்தது. நாவுக்கரசர் என்ற பேர் வந்தது. பேர் வந்த கையோடு அவரும் ஒரு சாமானைக் கையில் எடுத்தார். நீண்ட மரக்காம்பு, முனையில் தட்டையான இரும்பு. பிராகாரத்துப் புல்லைச் செதுக்கத் தொடங்கினார். சமணத்தை விட்டுப் போனார் என்று பல்லவன் அரண்மனைக்குப் புகார் போனது.

தண்டனைகள் வரிசையாக வந்தன: சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள், நஞ்சு கலந்த சோறு, மிதிக்க யானை, கடைசியில் கல்லில் கட்டிக் கடல். எல்லாவற்றிலும் அவர் பிழைத்தார் என்கிறது பெரியபுராணம். பல்லவன் மனம் மாறினான். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துக் கொணர்ந்து அதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான். ஒரு கூட்டத்தார் தொழுத இடம் இடிந்துதான் இன்னொன்று எழுந்தது. கதையில் நெருடுகிற இடம் இது. நாவுக்கரசர் கட்டவும் இல்லை, இடிக்கவும் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் புல் செதுக்கினார். கடைசிக் காலத்திலும் ஒரு சோதனை திருப்புகலூரில் காத்திருந்தது.

செதுக்கிய மண்ணில் பொன்னும் மணியும் மின்னின. பருக்கைக் கற்களோடு அவற்றையும் அந்த இரும்பாலேயே வாரிக் குளத்தில் எறிந்தார்.

புதுக்கோட்டைச் சீமைக் கீரமங்கலமானாலும் கடலூரானாலும் சிவன் கோயிலில் சைவக் குரவர் நால்வர் நிற்கும் இடத்தில் அப்பர் என்கிற நாவுக்கரசரை அடையாளம் காட்டுவது தோளில் சாய்ந்த அந்தச் சாமான்தான். உழவாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியும் அரிவாளும் சாக்குமாகப் பழைய கோயில்களுக்குக் கிளம்பும் கூட்டங்கள் தங்கள் வேலைக்கு உழவாரப்பணி என்று பேர் வைத்தது அதனால்தான். மதிலில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடுங்குவது, அடைந்த தூம்பைத் திறப்பது, பிராகாரத்து நெருஞ்சியைச் செதுக்குவது எல்லாம் அதில் அடக்கம். கல்வெட்டைச் சுரண்டுவது மட்டும் அடக்கமில்லை. உழவாரம் புல்லுக்கான இரும்பு.

பணிக்கு அழைக்கும் நோட்டீஸில் அப்பர் படம் போடுவது வழக்கம். பக்கத்தில் திலகவதியார் படத்தையும் போட வேண்டும். முதலில் பெருக்கியவர் அவர்தான்.