தேயிலைப் பெட்டியும் கிழங்கு மூட்டையும்: ஊவாவில் உற்பத்தி நாட்டுக் குறிப்பின் வரலாறு

ஊவாவின் வெலிமடைப் பகுதியில் சரிவுகளில் தேயிலை, தாழ்வில் வயல். சிறுபோகத்தில் அந்த வயல்களில் பலவும் உருளைக்கிழங்குப் பாத்திகளாகின்றன. அருகருகே விளையும் இவ்விரண்டில் தேயிலையின் பிறப்பிடத்தைக் காக்கச் சட்டமும் சபையும் சின்னமும் உருவாகியுள்ளன. கிழங்குக்கு அவற்றில் எதுவும் வாய்க்கவில்லை. இலங்கையில் உற்பத்தி நாட்டைக் குறிப்பிடும் ஏற்பாடுகள் கடல்கடந்து வாங்குவோரை மனதில் வைத்தே வளர்ந்தன. சொந்தச் சந்தைக்கு வருபவரை அவை பின்னரே, அதுவும் அரைகுறையாகவே எட்டின என்பது இக்கட்டுரையின் வாதம்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் பிடித்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் மலைநாடு தேயிலைக்கு மாறியது. கொழும்பில் முதல் பகிரங்க ஏலம் 1883 ஜூலை 30இல் நடந்தது. இதே காலத்தில், ஜெர்மன் பொருள்கள் ஆங்கிலேயப் பெயரில் விற்கப்படுவதைத் தடுக்க, பிரித்தானியா 1887இல் வணிகப் பொருட் குறிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. பொருள் எங்கிருந்து வந்தது என்பது அதன்பின் சட்டத்தின் கேள்வியாயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்துத் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்க் கெண்டிக்கு என்ற அவரது விளம்பரம், பிறப்பிடத்தையே விலைபேசும் சரக்காக்கியது. ஆனால் இலண்டன் வணிகர்களின் தொழிலே கலவைதான். பல நாட்டுத் தூளும் ஒரே பைக்கற்றில் சேரும்போது எந்த மலையின் இலை என்பது மறைந்துவிடும். ஏற்றுமதித் தீர்வையில் இயங்கும் தேயிலைப் பிரசார சபை 1932இல் அமைக்கப்பட்டபோது, 'சிலோன்' என்ற பெயரை அந்தக் கலவைக்குள் கரையவிடாமல் நிறுத்துவது அதன் வேலைகளில் ஒன்றாயிற்று.

ஊவாவுக்கு இந்தப் பெயர் ஏன் முக்கியம் என்பதைக் காற்றே சொல்லும். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாப் பக்கம் வறண்ட கச்சான் காற்றாக இறங்குகிறது. அந்த வறட்சியில் கொழுந்தின் வளர்ச்சி தளர்ந்து, மணம் தரும் சேர்மங்கள் திரள்கின்றன. இப்பருவத் தூளில் பச்சைக் கற்பூரத்தை நினைவூட்டும் குளிர்ந்த வாசம் எழும். ஏலத்தில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. வேறெங்கும் இதே செடியை நடலாம், இந்தக் காற்றை நடமுடியாது. பிறப்பிடக் குறிப்பு வெறும் வியாபாரத் தந்திரம் என்போருக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

1972இல் நாடு 'ஸ்ரீ லங்கா' என்ற பெயரை உத்தியோகபூர்வமாக ஏற்றபோதும் தேயிலை 'சிலோன்' பெயரையே வைத்துக்கொண்டது. அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களின் நிலை வேறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. இலைக்கு மறுக்கப்படாத பிறந்த மண், பறித்தவருக்கு மறுக்கப்பட்டது. பிறப்பிடக் குறிப்பின் வரலாற்றை எழுதுகையில் இதை ஒதுக்கிவிட்டு எழுத என்னால் முடியாது.

1975ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இலங்கை தேயிலைச் சபை 1976இல் இயங்கத் தொடங்கியது. வாளேந்திய சிங்கச் சின்னம் அதன் உடைமை. பல நாடுகளில் வணிகக் குறியாகப் பதிவானது. அதற்குரிய நிபந்தனைகள் கடுமையானவை: முழுவதும் இலங்கைத் தேயிலையாக இருக்கவேண்டும், இலங்கையிலேயே பைக்கற்றில் அடைக்கப்பட்டிருக்கவேண்டும், சபையின் தரத்தை எட்டவேண்டும். மொத்தமாக ஏற்றி வெளிநாட்டில் அடைக்கப்பட்ட தூளுக்குச் சிங்கம் கிடையாது. இறக்குமதித் தேயிலையைக் கலந்து மீள் ஏற்றுமதி செய்ய இடம் கேட்கும் வணிகருக்கும் எதிர்க்கும் உற்பத்தியாளருக்கும் இடையிலான நெடிய வாக்குவாதத்திலும் இந்தச் சின்னமே எல்லைக்கோடு. புவியியல் சார் குறியீடுகளுக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாதுகாப்பளித்தது. அவற்றுக்கான பதிவேட்டுக்கு 2022ஆம் ஆண்டின் திருத்தம் வழிசெய்தது. அதே ஆண்டு 'சிலோன் கறுவா' ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு பெற்றது.

கிழங்கின் கதை இவ்வளவு நீளமில்லை. 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்டதும் வெலிமடை, நுவரெலியா விவசாயிகளுக்குச் சந்தை விரிந்தது. 1996இல் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. அதன்பின் அவர்களைக் காத்தது பிறப்பிடக் குறிப்பு அல்ல, அவ்வப்போது ஏறி இறங்கும் இறக்குமதி வரிதான். 2005இன் உணவுச் சுட்டுத்துண்டு ஒழுங்குவிதிகள் இறக்குமதியாகும் பொதி உணவில் உற்பத்தி நாட்டைக் குறிக்குமாறு பணித்தன. உலக அளவில் கோடெக்ஸ் எனப்படும் உணவு நியமம், நாட்டைக் குறிப்பிடாமை நுகர்வோரை ஏமாற்றுமானால் அதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்கிறது. ஆனால் அதுவும் பொதி செய்த உணவுக்கே. சாக்கில் வந்து தராசில் நிறுத்துக் கொடுக்கப்படும் கிழங்கில் சுட்டுத்துண்டு ஒட்ட இடமில்லை.

இந்த இடைவெளியில்தான் மோசடி நுழைகிறது. கழுவிய தோலோடு வரும் இறக்குமதிக் கிழங்கில் மலைநாட்டு மண்ணைப் பூசி, உள்ளூர்க் கிழங்கென்று கூடுதல் விலைக்கு விற்பதாகச் செய்திகள் பலமுறை வந்துள்ளன. எழுதப்பட்ட குறிப்பு இல்லாதபோது வாங்குபவர் மண்ணைப் பார்த்தே ஊரை அறிகிறார். ஆகவே மண்ணையே பொய்யாக்குகிறார்கள். இதில் நட்டப்படுபவர் ஏமாறும் நுகர்வோர் மட்டுமல்லர். விதைக்கிழங்குக்கும் உரத்துக்கும் கடன்பட்ட விவசாயி, தன் ஊரின் பெயருக்கு எதிராகவே போட்டியிட நேர்கிறது.

பொதி இல்லாத பொருளுக்குக் குறிப்பிட முடியாது என்ற வாதம் செல்லாது. அமெரிக்காவில் 2009 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த விதியின்படி, பேரங்காடிகள் பொதியில்லாக் காய்கறிக்கும் பழத்துக்கும் உற்பத்தி நாட்டைத் தெரிவிக்கவேண்டும். குவியலருகே ஒரு பலகை வைத்தாலே போதும். இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், சுட்டுத்துண்டு பற்றி வணிகர்களுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குத் தந்திருக்கிறது. வெலிமடைப் பக்கத்துக் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் மூட்டை கைமாறும்போது பற்றுச்சீட்டில் நாட்டின் பெயர், சில்லறைக் கடையில் குவியல்மேல் ஓர் அட்டை: இந்த இரண்டையும் கட்டாயமாக்கும் பணிப்புரை ஒன்றை அந்த அதிகாரத்தின்கீழ் கோரலாம். துறைமுகத்திலிருந்து வரும் இறக்குமதி ஆவணத்தோடு பற்றுச்சீட்டை ஒப்பிட்டால், பூசிய மண்ணைச் சோதிக்கவேண்டிய தேவையே எழாது.